விடுப்பில் இருக்கிறோம்

மகாபலிபுரம் போகிறோம் என்றுதான்
தாராபுரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தோம்.
பீச் ஸ்டேஷனில் எஸ்தர் கை காட்டிய வண்டியில் ஏறினோம்.
அது வடக்கே போகிற வண்டி.
பேசின பேச்சில்
எண்ணூர் வரை யாருக்கும் உறைக்கவில்லை.

பசி.
வெளியே லாரிகள்.
இரண்டு லாரிக்கு நடுவில் ஒரு பச்சைக் கதவு.
ஜெயசீலி மெஸ், நாலு மேசை.
தூசிக்குப் பயந்து
தண்ணீர் ஜக்கைத் தட்டால் மூடி வைத்திருந்தார்கள்.

"சாவு ஊட்டுக்கு வந்தீங்களா, கல்யாணமா?"
கல்லாவில் இருந்தவள் கேட்டாள்.
"சுத்திப் பாக்க வந்தோமுங்க" என்றாள் வளர்மதி.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்:
"டேய் மோசே, இங்க வந்து பாரு,
நம்ம ஊரைச் சுத்திப் பாக்க ஆளு வந்துக்குது!"
மோசே வந்தான், கையில் பாதி உரித்த எறா.
அடுத்த மேசை லாரிக்காரரும் பார்த்தார்.
ஜன்னல் ஓர மேசையைத் துடைத்துக் கொடுத்தார்கள்.
ஜன்னலில் ஒரு புகைபோக்கி,
கொஞ்சம் முகத்துவாரம்,
காயப்போட்ட ஒரு நைட்டி.

"கெழங்கா கீது, மடவை கீது."
"இந்த ஆத்து மீனுங்களா?"
"காசிமேட்டு ஏலத்துல எடுத்தது.
இந்த ஆத்துல வேணும்னா சாம்பல் பிடிக்கலாம்."
சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

மாங்காய் போட்ட குழம்பு, நேற்று வைத்தது.
பதினாறு வருஷமாக ஒரே ஃபேனுக்குக் கீழே
டிபன் டப்பா திறக்கிறவர்கள் நாங்கள்.
எஸ்தருக்கு முள் எடுக்க வராது என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
வளர்மதி எடுத்து எடுத்து
அவள் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கரண்ட் போனது.
புகைபோக்கி அதுபாட்டுக்குப் புகைந்தது.
"அடுப்பு இங்க, சோறு எவன் ஊட்லயோ.
ஈபில குந்திக்கினுகீறவன்லாம் கட்டைல போவ!"

நாங்கள் நாலு பேரும் ஈபி.
கணக்கீட்டுப் பிரிவு.
தலையை இலைக்குள் விட்டுக்கொண்டோம்.
எஸ்தருக்குப் புரை ஏறியது.
மேசைக்கு அடியில் யாரோ என் காலை மிதித்தார்கள்.
"நீங்கள்லாம் இன்னாக்கா வேலை?"
"டீச்சருங்க" என்றேன்.
கேட்டிருந்தால் பதினாறாம் வாய்ப்பாடும் சொல்லியிருப்பேன்.

அவள் விடவில்லை.
போன தடவை பில் நாலாயிரத்துச் சொச்சமாம்.
இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ்,
அதுக்கும் கதவு சரியா மூடாதாம்.
சபுராவின் விரல்கள் சோற்றில் நின்றன.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
வேண்டாம்டி, லீவுல இருக்கோம்
என்று கண்ணால் சொன்னேன்.
"கார்டு இருக்குதுங்களா?" என்று எழுந்துவிட்டாள்.

கொல்லையில், கோழிக்கூண்டுக்கு மேலே மீட்டர் பெட்டி.
நாலு எச்சில் கை, ஒரு செல்போன் வெளிச்சம்,
உள்ளே ஒரு பல்லி.
கரண்ட் வரக் காத்திருந்தோம்.
சிவப்பு விளக்கு சிமிட்டி எண்கள் வந்தன.
மூன்றை எட்டாக எழுதியிருக்கிறான் எவனோ,
வெயிலில், அவசரத்தில்.
நாங்களும் எழுதியிருக்கிறோம் அப்படி.

காலண்டர் தாளின் பின்பக்கம்
சபுரா மனு எழுதிக் கொடுத்தாள்.
ஜெயசீலி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"டீச்சர் கையெழுத்துன்னா டீச்சர் கையெழுத்துதான்" என்றாள்.

திரும்பி வந்தபோது மீன் ஆறியிருந்தது.
சாப்பிட்டோம்.

பில் வந்தது.
நாலு சோறு, நாலு கெழங்கா, ஒரு எறா தொக்கு, ஒரு ஆம்லெட்.
ஆம்லெட் நாங்கள் கேட்கவேயில்லை.
கூட்டலிலும் பத்து ரூபாய் உதைத்தது.
நாலு உதடும் ஒன்றாக அசைந்து
ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்தேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
வளர்மதி பர்ஸைத் திறந்தாள்.

சபுரா மட்டும்
போகிற போக்கில்
சோம்பு இரண்டு பிடி அள்ளிக்கொண்டாள்.